தவசிக்கண்ணு போடாத அரிசி

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் தவசிக்கண்ணுதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் தம்பி. செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மடியில் இருக்கிற மாலையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், மேலப்புளியூருக்குத்தான் போகிறீர்கள், சேர்மன் சாவுக்கு என்று. இலையோடு ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். இந்த வெயிலுக்கு ரோஜாப்பூ கருகிவிடும். இப்படி உள்ளே தள்ளி வையுங்கள். நானா? நான் சாவுக்குப் போகவில்லை. சங்கரன்கோவிலுக்குப் போகிறேன், கண் காட்ட. இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இப்போது புளியங்குடியில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். இந்த பஸ் அந்த வழியாகப் போகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

நீங்கள் எந்த ஊர்? சென்னையா. சென்னையில் யாரும் பிறப்பதில்லை தம்பி, வேலைக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்கிறேன். சிரிக்கிறீர்கள். சரி, சிரியுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிக்கிறீர்கள்.

தவசிக்கண்ணு எனக்கு மச்சான் முறை. என் அம்மாவின் அண்ணன் மகன். அவனுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். எங்கள் வீட்டுச் சோறுதான் அவன் உடம்பு. என் அம்மா பேச்சியம்மாள் எனக்கு ஒரு தட்டு வைத்தால் அவனுக்கு ஒரு தட்டு வைப்பாள். சில நாள் அவனுக்கு முதலில் வைப்பாள். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

அவன் படித்தான். நான் மூன்றாவதோடு சரி. அவன் கட்சியில் சேர்ந்தான், நான் அவனோடு சேர்ந்தேன். அவன் பேசுவான், நான் கை தட்டுவேன். யூனியன் சேர்மனாக நின்று ஜெயித்தபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். இந்தத் தோள்தான். இப்போது குடையைக்கூட மாட்ட முடியவில்லை.

மற்ற சேர்மன்கள் மாதிரி அவன் இல்லை. அதை நான் மறுக்கவில்லை. கீழத்தெருவையும் எங்கள் நடுத்தெருவையும் சேர்த்து ஒரே ரோடு போட்டான். அதுவரைக்கும் கீழத்தெருக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவைச் சுற்றிப் போவார்கள். ரோடு போட்டு முடித்த அன்றைக்கு மைக்கில் சொன்னான்: "ரோடு போட்டா நாடு முன்னேறிரும்னு சொல்லுதாங்க. போட்ட ரோட்டுல யாரெல்லாம் நடக்கலாம்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க." கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். பாதிப் பேர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டினேன்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. எல்லாத் தெருவுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய்த் தண்ணீர். நாலு நாள் எங்கள் தெருப் பெண்கள் குழாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் கிணற்றில் இறைத்துக் கை ஓய்ந்துபோய் திறந்துவிட்டார்கள். தண்ணீரில் என்ன எழுதியிருக்கிறது? அதற்கும் நான் தட்டினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவன் இன்றைக்கு மந்திரி. நிறுத்தவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் பெரிய வெள்ளம் வந்தது.

கீழத்தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போனார். அவர்களுடைய சுடுகாட்டுக்கு ஓடையில் இறங்கித்தான் போக வேண்டும். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஓடையில் ஒருவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. பாடையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மறுநாள் கீழே உடைமரத்து முள்ளில் மாட்டிக் கிடந்ததாம். தவசிக்கண்ணுதான் நீந்திப் போய் எடுத்தான். சேர்மன். வெள்ளை வேட்டியோடு.

வரப்பு வழியாகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அந்த வரப்பு என்னுடையது. நெல் பால் பிடிக்கிற நேரம். முள் வெட்டி அடைத்திருந்தேன். ஆடு மாடு இறங்காமல் இருக்கத்தான் அடைத்தேன். மனுஷனுக்கு என்று யாராவது முள் போடுவார்களா தம்பி?

என்ன, முகம் ஒரு மாதிரி ஆகிறது? இந்தக் கதை தெரியுமா? யார் சொன்னது?

கீழத்தெருவா?

ஓ.

சரி. சரி, அதனால் என்ன. இப்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? உட்கார், உட்கார். எழுந்திருக்காதே. துண்டை நான் இந்தப் பக்கம் எடுத்து வைத்தது வெயிலுக்காக. வேறொன்றும் இல்லை. நீ உட்கார்.

எதில் விட்டேன்? ஆமாம், வெள்ளம். அந்த முள்ளைப் பற்றித் தவசிக்கண்ணு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் இருந்தது என்னிடம். அவன் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், வரப்பில் முள்ளைக் காணோம். அவனே எடுத்துப் போட்டிருக்கிறான். கையெல்லாம் கீறல். அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மஞ்சள் பத்துப் போட்டுக்கொள்கிறான். "என்னல இது கையில?" என்கிறாள் அம்மா. "ஒண்ணும் இல்ல அத்தை, வழியைச் சுத்தம் பண்ணேன்" என்கிறான். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே பேச்சுத்தான். ஊருக்கு ஒரே சுடுகாடு. எல்லாத் தெருவுக்கும். முதலில் நம் ஊர், அப்புறம் யூனியன் முழுக்க, அப்புறம் சட்டசபைக்குப் போய் நாடு முழுக்க. "பள்ளிக்கூடத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு எல்லாரும் சொல்லுதாங்க மாப்ளே. நான் பின்னாலேருந்து வாறேன். கடைசி எடத்துல ஒண்ணா நின்னா, முன்னால எதுக்கு விலகி நிக்கணும்னு மனுஷனுக்கே வெக்கம் வரும்ல?" என்பான். நான் சொன்னேன், "மச்சான், ஓட்டுப் போடுறவன் உயிரோட இருக்கிறவன்." அவன் சிரித்தான். "அவனும் ஒருநாள் போவான்ல" என்றான்.

ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் கட்டினான். தகரக் கொட்டகை, சிமெண்டு மேடை, அடிபம்பு, உட்கார இரண்டு பக்கமும் திண்டு, சுற்றி வேப்பங்கன்று. வழியும் வெள்ளம் வராத வழி. நல்ல இடம்தான். நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பழைய சுடுகாட்டில் நிழல் கிடையாது. தண்ணீர் கிடையாது.

ஊருக்கு வெளியே ஒரு முக்கு இருக்கிறது. வலது பக்கம் திரும்பினால் எங்கள் பழைய சுடுகாடு. இடது பக்கம் திரும்பினால் அவன் கட்டின கொட்டகை. திறப்பு விழாவை அந்த முக்கில்தான் வைத்தான். மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "நாடு எங்க இருக்குன்னு நெனைக்கீங்க? டெல்லியிலயா? இந்த முக்குல இருக்கு. பாடை எந்தப் பக்கம் திரும்புதோ, அதுதான் நம்ம நாடு." அப்புறம் கேட்டான், "முதல்ல எந்த வீட்டுலேருந்து இந்தப் பக்கம் திரும்பப் போறாங்க?"

கீழத்தெருக்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். மேடையில் அவன் ஒற்றை ஆளாக நிற்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கத்தினேன்: "எங்க அம்மா! எங்க அம்மா போனா இங்கதான் மச்சான்!"

என்ன கைதட்டல் அன்றைக்கு! எனக்கு யாரும் அப்படிக் கை தட்டினதே இல்லை. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். "அடப் பாவி, என்னைக் கொளுத்த உனக்கு இவ்வளவு அவசரமால?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. தவசிக்கண்ணு மேடையிலிருந்து குனிந்து, "அத்தை, நூறு வருஷம் கழிச்சு வந்தாப் போதும். நான் அரிசியோட காத்துக்கிட்டு நிப்பேன்" என்றான். "நீ போடுற அரிசி எனக்கு எங்க இருந்தாலும் இறங்கும், போ" என்றாள் அவள்.

அவள் நூறு வருஷம் இருக்கவில்லை. அடுத்த பங்குனியிலேயே படுத்துவிட்டாள்.

படுக்கையில் இருந்தபோது ஒருநாள் சொன்னாள், "ஏய் மாகாளி, அந்தக் கொட்டகைக்கே கொண்டுட்டுப் போ. அங்க நிழல் இருக்கு. வந்தவங்க வெயில்ல நிக்க வேண்டாம். பம்புல தண்ணி இருக்கு, குளிச்சிட்டுப் போவாங்க." என் பெயர் உச்சிமாகாளி, அவள் மாகாளி என்பாள். வயதானவர்கள் படுக்கையில் ஆயிரம் சொல்வார்கள். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டால் முடியுமா?

காலையில் உயிர் போனது. தெருவே வந்தது. எங்கள் நாட்டாமை கோமதிநாயகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. தோளில் கை வைத்துத்தான் சொன்னார்: "உங்க அம்மா, உன் இஷ்டம். நாங்க தடுக்க மாட்டோம். தோள் கொடுக்க மட்டும் நீயே ஆள் பாத்துக்க. அப்புறம் உன் மக கனிக்குப் பேசி வச்சிருக்கியே, புளியங்குடி மாப்பிள்ளை வீடு. அவங்க கேட்டா என்ன சொல்லணுமோ அதையும் நீயே சொல்லிக்க."

வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. நீயே சொல், நான் என்ன செய்ய முடியும்? பெண்ணைப் பெற்றவன். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? சொல். ஏன் ஜன்னலைப் பார்க்கிறாய்?

நான் இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. திரும்புவேன் என்றும் சொல்லவில்லை. நடுவில் தவசிக்கண்ணு வந்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நான் முன்னால போறேன் மாப்ளே, விறகெல்லாம் அடுக்கியாச்சு. நீ கூட்டிட்டு வா" என்று போய்விட்டான். கூட்டிட்டு வா என்றான். உயிரோடு இருக்கிறவளைச் சொல்கிற மாதிரி.

கொள்ளிச்சட்டி என் கையில். உனக்குத் தெரியும், உங்கள் தெருவிலும் அதே வழக்கம்தானே? கொள்ளிச்சட்டிக்காரன் முன்னால் போவான். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ அந்தப் பக்கம்தான் பாடை திரும்பும். அதை மாற்ற நாட்டாமைக்கும் அதிகாரம் கிடையாது, சேர்மனுக்கும் கிடையாது. முக்கு வந்தது. இடது பக்கம் பார்த்தேன். கொட்டகையில் அவன் நிற்கிறான். பக்கத்தில் உங்கள் தெரு ஆட்கள் கொஞ்சம் பேர், மரியாதைக்குத் தள்ளி நிற்கிறார்கள். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பம்படியில் யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கிறார்கள். எனக்கு முதுகுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம். சட்டியின் சூடு வயிற்றில் அடிக்கிறது.

கால் வலது பக்கம் திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை. பழகின கால் தம்பி. தாத்தாவைக் கொண்டுபோன வழி, அப்பாவைக் கொண்டுபோன வழி. கால் அதுவாகப் போனது.

சரி, போனது போனதுதான். அவன் என்ன செய்திருக்க வேண்டும்? உறவுக்காரன், அவள் கையில் சாப்பிட்டு வளர்ந்தவன். கோபம் இருந்தால் என்னிடம் காட்டட்டும். பழைய சுடுகாட்டு வாசலுக்கு வந்தான். ஓடி வந்திருக்கிறான், மூச்சு இரைக்கிறது. வலது கை மூடியிருக்கிறது. விரல் இடுக்கில் அரிசி தெரிகிறது. எல்லோரும் வாய்க்கரிசி போட்டுவிட்டோம். அவன் ஒருத்தன்தான் பாக்கி. நான் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டேன். ஆமாம், நானே கூப்பிட்டேன். "வா மச்சான், அரிசி போடு. அம்மா உனக்காகத்தான் காத்துக் கிடக்கா."

அவன் உள்ளே கால் வைக்கவில்லை. "அங்க வச்சுப் போடுறேன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன் மாப்ளே. இங்க போட்டா, நானும் அவகிட்டப் பொய் சொன்னவன் ஆயிருவேன்" என்றான்.

நானும், என்றான். கவனித்தாயா? நானும்.

மூடின கையோடு திரும்பிப் போய்விட்டான். அந்த ஒரு பிடி அரிசி விழாமலே என் அம்மா போனாள். அவள் வளர்த்த பிள்ளையின் அரிசி. இதைவிட ஒரு துரோகம் உண்டா? நீ படித்தவன், சொல்.

அப்புறம் அவன் சட்டசபைக்கு நின்றான். எதிர்க்கட்சிக்காரன் ஊர் ஊராக மைக் கட்டிப் பேசினான்: "நாட்டையெல்லாம் ஒரே சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறாரு. சொந்த அத்தையைக் கூட்டிட்டுப் போக முடியல!" எல்லா ஊரிலும் சிரித்தார்கள். சுடுகாட்டுச் சேர்மன் என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டார்கள். தோற்றுப் போனான். அதற்கு நானா பொறுப்பு? என்னிடம் இருந்தது ஒரு ஓட்டு. அந்த ஓட்டை அவனுக்குத்தான் போட்டேன். யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

அதற்கெல்லாம் முன்னால், அந்த வைகாசியில் என் மகள் கல்யாணத்துக்கு வந்தான். கூப்பிடாமல் இல்லை, கூப்பிட்டிருந்தேன். வந்தவன் பந்தியில் உட்காரவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறினான். மாப்பிள்ளை வீட்டார், யார் இந்த ஆள், இவ்வளவு பாடுபடுகிறார் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டான். அதுவும் அவமானம்தானே? ஆனால் கனி அவன் காலில் விழுந்து திருநீறு வாங்கினாள். அதையும் நான் பார்த்தேன்.

பிறகு அவன் பெண்டாட்டி போனாள். அந்தக் கொட்டகையில்தான் எரித்தான். உங்கள் தெருவுக்கு அடுத்தபடி எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் அவள்தான். நடுத்தெருவில் யாரும் போகவில்லை. எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். நிஜமாகவே காய்ச்சல். பெண்டாட்டியைத் தூக்க ஆள் பத்தாமல் உங்கள் தெருப் பையன்கள் தோள் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உன் அப்பாவுமா? அப்படியா.

நேற்று கனிதான் போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள், மாமா போய்ட்டாங்க என்று. "போயிட்டு வாங்கப்பா" என்றாள். "உன் கல்யாணத்துக்காகத்தான் அன்றைக்கு ஆச்சியை..." என்று ஆரம்பித்தேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நான் கேட்டேனாப்பா?" என்றாள். அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா அது?

என்னது? துண்டில் என்ன முடிச்சா? ஒன்றும் இல்லை. கொஞ்சம் அரிசி. கோயிலில் போட எடுத்து வந்தேன். சங்கரன்கோவில் வரைக்கும் போகிறோமே, கோமதியம்மனைப் பார்க்காமல் வர முடியுமா?

கருவேலங்காடு வந்துவிட்டது. அடுத்தது மேலப்புளியூர் விலக்குதான், நீ இறங்குகிற இடம். உன் பக்கத்து ஜன்னலில் கொட்டகை தெரியும். தகரம் மின்னுகிறது, அது எனக்கே தெரிகிறது. கூட்டம் இருக்கிறதா? எவ்வளவு? அவ்வளவா? நடுத்தெரு ஆட்கள் யாராவது நிற்கிறார்களா, பார்த்துச் சொல். எனக்குக் கண் சரியில்லை. பச்சைத் துண்டு போட்டு உயரமாகவா? நெற்றியில் வெட்டுத் தழும்பா? அது கோமதிநாயகத்தின் மகன். அவனா விறகு தூக்குகிறான்? நன்றாகப் பார். அவனேதானா?

அவர் மகனே வந்துவிட்டானா?

அப்படியானால் எல்லோரும் இடது பக்கம் திரும்பிவிட்டார்கள். யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே தம்பி.

கண்டக்டர் ஏன் என்னைக் கூப்பிடுகிறார்? "பெரியவரே, விலக்கு வந்துட்டு, இறங்குங்க" என்றா? நான் சங்கரன்கோவில் போகிறவன். டிக்கெட்டில் மேலப்புளியூர் விலக்கு என்றா போட்டிருக்கிறது? தப்பாகக் கேட்டிருப்பேன். இல்லை, அவர் தப்பாகக் கொடுத்திருப்பார். இன்னொரு டிக்கெட் கொடுப்பா, சங்கரன்கோவிலுக்கு. ஒன்று.

நீங்கள் இறங்குங்கள் தம்பி. மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். எந்த முகத்தோடு நான் அந்த முக்கில் போய் நிற்பேன்? அந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியாது.

கொஞ்சம் நில்லுங்கள். கையை நீட்டுங்கள். துண்டோடு வேண்டாம், கையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டேன், அவிழ மாட்டேன் என்கிறது. கண்டக்டர், ஒரு நிமிஷம் பொறுங்கள். இதோ. சிந்தாமல் பிடியுங்கள். அவன் வாயில் போட்டுவிடுங்கள். உங்கள் கையாலேயே போடுங்கள், பரவாயில்லை. யார் கொடுத்தது என்று கேட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் காதில் மட்டும் சொல்லுங்கள். உச்சிமாகாளி போட்டாயிற்று. நீதான் இன்னும் போடவில்லை.